விட்டு வந்த இரண்டடி

கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தபோது நூல் கடைசிக் குழிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். பந்து காலடியில் கிடந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டால் போட்டி அவளுடையது.

நூல் என்பது அவள் பெயரல்ல. அவள் அடிக்கும் பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும் என்பதால் சக ஆட்டக்காரர்கள் வைத்த பெயர். பத்து வருடங்களாக கோல்ஃப்தான் அவள் தொழில். பயிற்சித் திடலில் அவள் மட்டையை வீச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பந்து மேலே போய், அங்கே கொஞ்சம் யோசித்துவிட்டு, சொன்ன இடத்தில் வந்து உட்காரும். 'இனிமே எல்லாக் கோப்பையும் இவளுக்குத்தான்' என்று அவள் வந்த புதிதில் பேசிக்கொண்டார்கள். இரண்டாம் இடங்கள் நிறைய வந்தன. கோப்பை ஒன்றுகூட வரவில்லை.

காரணம் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு, வெற்றி தோல்வி எதுவுமே இல்லாத ஒரு மழைக்காலக் காலையில், கைக்குட்டை விரித்தால் மூடிவிடும் தூரத்தில் பந்து கிடக்கும்போது, அவள் வலது கை வெடுக்கென்று உதறியது. யாரோ முழங்கையில் இடித்துவிட்டது போலிருந்தது. பந்து குழியைத் தாண்டி ஓடியது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அன்றிலிருந்து அந்த யாரோ அவளை விட்டுப் போகவே இல்லை.

இந்த உதறலுக்கு ஆட்டக்காரர்களிடம் ஒரு பெயர் உண்டு. ஒட்டுவாரொட்டி வியாதியைப் போல, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் கையை மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தாள். மனநல மருத்துவர் ஒருவர், அமைதியான ஏரி ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ளச் சொன்னார். நினைத்தாள். ஏரிக் கரையிலும் அந்த யாரோ வந்து நின்றான். வேடிக்கை என்னவென்றால், குழி தூரத்தில் இருந்தால் உதறல் வராது. இருபதடி தள்ளியிருந்து அவள் அடிக்கும் பந்து பூனை போல நடந்து போய் உள்ளே விழும். தூரத்துப் பந்து போனால் சந்தோஷம், போகாவிட்டால் பரவாயில்லை. கிட்டத்தில் கிடக்கும் பந்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சங்கு ஊதியது. பார்வையாளர்கள் ஒவ்வொருவராகப் பனிக்குள் மங்கி, கொடியில் காயப்போட்ட சட்டைகளைப் போல வரிசையாகத் தொங்கினார்கள். நடுவர் கையில் ரேடியோவோடு அவள் பக்கத்தில் வந்தார்.

"ஆட்டத்தை நிறுத்தியாச்சு. ஆரம்பிச்ச குழியை இப்பவே முடிச்சுக்கணும்னா முடிச்சுக்கலாம். இல்லைன்னா அடையாளம் வெச்சுட்டுப் போயிட்டு காலைல வந்து அடிக்கலாம். ரெண்டும் விதிப்படி சரிதான். உங்க இஷ்டம்."

அவளோடு ஆடிய எதிராளி தன் பந்தை ஏற்கெனவே உள்ளே போட்டுவிட்டு ஓரமாக நின்றாள். இந்த வருடம்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த சின்னப் பெண். எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள். நூல் இதை உள்ளே தள்ளினால் சிட்டுவுக்குத் தோல்வி. தவறவிட்டால் இருவரும் சமம், மறுபடி ஒரு குழி ஆட வேண்டும்.

"போட்டுட்டு வாக்கா. போய் சூடா டீ குடிக்கலாம்" என்றான் தம்பி. அவள் பையைச் சுமந்து கூடவே வருபவன் அவன்தான். அந்த வேலைக்குப் பெயர் கேடி. 'பொண்ணு கோல்ஃப் ஆடுறா, பையன் கேடி' என்று அம்மா ஒருமுறை உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லப் போக, அவனுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் ஒன்று சத்தமில்லாமல் நழுவிவிட்டது.

நூல் கூட்டத்தைப் பார்த்தாள். அவள் தேடியது ஒரு பழுப்பு நிறத் தொப்பியை. அது இல்லை. இருக்காது என்று தெரிந்தும் தேடினாள். பிறகு குழியைப் பார்த்தாள். அது இருந்தது. பனி நகர்ந்ததும் இல்லாமல் போனது. மறுபடி வந்தபோது கொஞ்சம் இடம் மாறியிருந்தது போலத் தோன்றியது. முழங்கைக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"காலைல அடிக்கிறேன்" என்றாள்.

நடுவர் ஒரு நொடி அவளையே பார்த்தார். தம்பி மட்டையை வாங்கிப் பையில் செருகினான். பந்து இருந்த இடத்தில் ஒரு சின்ன வட்டத் தகட்டை அழுத்தி வைத்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். பின்னால் பனி கதவைச் சாத்திக்கொண்டது.

கார்கள் நிற்கும் இடத்தில் அப்பா, அதே பழுப்புத் தொப்பியோடு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஏற்கெனவே பளிச்சென்றிருந்த கார்க் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். அவளுக்கு இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தியதே அவர்தான்; கிளினிக் விடுமுறை நாட்களில் சின்ன வயதிலேயே கூட்டிக்கொண்டு போனார். இப்போதும் எந்த ஊரில் போட்டி என்றாலும் வந்துவிடுவார். காலையிலிருந்து குழி குழியாகக் கூடவே நடப்பார். ஆனால் பந்து குழிக்கு அருகில் போய்விட்டால் மட்டும் ஆளைக் காணோம். ஏதாவது மரத்துக்குப் பின்னால் போய்விடுவார். கடைசிக் குழி என்றால் கார் வரைக்கும்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். "முடிஞ்சுதா பாப்பா?"

"இல்லப்பா."

"போச்சா?" என்று தம்பியைக் கேட்டார்.

"போகவும் இல்ல, வரவும் இல்ல. அக்கா அதைக் கொஞ்சம் ஊறப்போட்டிருக்கா" என்றான் தம்பி.

அவர்கள் தங்கியிருந்தது திடலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் மாடியில். ஜன்னல்களுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. யாரோ வீட்டைப் பஞ்சுக்குள் பொதிந்து வைத்துவிட்டது போலிருந்தது. சாயங்காலம் முழுக்க தம்பியின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டடியை மறுநாளைக்கு ஒத்திப்போட்ட பெண்ணைப் பற்றி விளையாட்டுச் செய்திகளில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"குழி கிட்டத்துலதானே இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"அப்ப தள்ளி விட்டுட்டு வரவேண்டியதுதானே? சரி விடு. சாப்பிட்டியா?"

ரொட்டி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நூல் தெருவில் இறங்கினாள். விளக்குகள் கம்பமே இல்லாமல் அந்தரத்தில் நின்றன. சைக்கிள் மணி ஒன்று அவளைக் கடந்து போனது. சைக்கிளைப் பார்க்க முடியவில்லை. நடக்க நடக்க, தரை மெத்துமெத்தென்று புல்லாக மாறுவது போலவும், இந்தத் தெருவின் எந்த மூலையிலும் அந்தக் குழி வாயைத் திறந்துகொண்டு கிடக்கலாம் என்றும் தோன்றியது. கடை வாசலில் சிட்டு நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! உங்களால நான் டிக்கெட் மாத்த வேண்டியதாப் போச்சு" என்று சிரித்தாள். "சத்தியமா கேக்குறேன், ரெண்டடிக்கு ஒரு ராத்திரியா?"

"எனக்கு ரெண்டு ராத்திரி வேணும். ஒண்ணுதான் குடுத்தாங்க."

சிட்டு பாதி ஆரஞ்சை நீட்டினாள். மீதியைத் தின்று முடித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"அது... அது எப்படி இருக்கும் அக்கா? எனக்கும் வருமா?"

நூல் அவள் முகத்தைப் பார்த்தாள். அதுவரை பயம் குடியேறாத முகம். 'உனக்கெல்லாம் வராது' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

"தெரியல. வரலாம். வராமலும் போகலாம். எனக்கு அது வலிக்காது. யாரோ பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"யாரு?"

அந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் மருத்துவர்கூடக் கேட்டதில்லை. கடைக்குள் போய் ரொட்டி வாங்கி, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் தம்பி சோபாவிலேயே தூங்கிவிட்டான். நூல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கம்பளத்தின் மேல் படுக்கவைத்து, இரண்டடி தள்ளி நின்று பந்தைத் தட்டினாள். டிங். இன்னொன்று. டிங். ஒன்றுகூடத் தவறவில்லை. கம்பளத்தில் யாருக்குத்தான் கை உதறும்? ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிடுவதைக் கவனித்தாள். மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைத் தள்ளினாள். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலுறையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"ஏன்ப்பா போயிடுறீங்க?" என்று கேட்டாள். கேட்க வேண்டும் என்று நினைத்து வரவில்லை. வாயில் வந்துவிட்டது.

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவர் காலுறையைக் கீழே வைத்தார். "பல் டாக்டருக்கு ஒரு வசதி பாப்பா. முகத்துல எப்பவும் துணி கட்டியிருப்போம். எத்தனையோ வருஷம் ஆளுங்களுக்குப் பல் புடுங்கியிருக்கேன். அந்த நேரத்துல என் மூஞ்சி என்ன பண்ணுதுன்னு ஒருத்தரும் பார்த்தது கிடையாது. எனக்கே தெரியாது."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சின்ன வயசுல, பள்ளிக்கூடப் போட்டி ஒண்ணு. கிட்டத்துல இருந்த பந்தைத் தவற விட்டே. தவற விட்டதும் நீ பந்தைப் பார்க்கல, குழியைப் பார்க்கல. என்னைப் பார்த்தே. என் மூஞ்சில எதையோ பார்த்துட்டு உன் முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. நான் திட்டல. வாயே திறக்கல. ஆனா என்னவோ பண்ணியிருக்கு இந்த மூஞ்சி." தன் கன்னத்தைத் தானே தடவினார். "துணி இல்லாம உன் முன்னாடி நிக்க பயம். அதான் போயிடுறேன்."

நூல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. ஜன்னலில் பனி நெற்றியை வைத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு அந்தப் போட்டியே ஞாபகம் இல்லப்பா."

"நிஜமாவா?"

"உங்க மூஞ்சி எதுவும் ஞாபகத்துல இல்ல. உங்க முதுகுதான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் தொப்பியைத் தேடுவேன். காணோம்னதும், சரி, அப்பாவுக்கே தெரிஞ்சுபோச்சு, இது உள்ள போகாதுன்னு தோணும். அப்புறம் கை அதுபாட்டுக்கு..."

அப்பா அவளைப் பார்க்காமல் எதிர்ச் சுவரையே பார்த்தார். வருடக்கணக்காக ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இருவரும் ஒளிந்து விளையாடியிருக்கிறார்கள் என்பது அந்தச் சின்ன அறையில் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"நாளைக்கு நில்லுங்க" என்றாள்.

"மூஞ்சி ஏதாவது பண்ணிட்டா?"

"பண்ணட்டும். நானும் பார்க்கிறேன், அப்படி என்னதான் பண்ணுதுன்னு."

அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். கனவில் புல்தரை கடல் மேல் மிதந்தது. மெல்ல அசைந்தது. அவள் வெறுங்காலோடு அதன் மேல் நடந்தாள். குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பிவிடக் கூடாதே என்று அவள் நுனிக்காலில் நடந்து போய், ஓரமாக ஓர் இடம் பார்த்து அவளும் படுத்துக்கொண்டாள். மட்டை கையில் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

காலையில் பனி தண்ணீர் கலந்த பால் போலத் தெளிந்து, அதற்குள் ஒரு வெளிச்சம் அலைந்துகொண்டிருந்தது. பார்வையாளர்கள் என்று சொல்ல அதிகம் பேர் இல்லை. நடுவர், ஒரு கேமராக்காரர், கூடாரங்களைப் பிரித்துக் கட்ட வந்த வேலையாட்கள், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு சிட்டு. ஓரத்தில் கட்டப்பட்டிருந்த கயிற்றை ஒட்டி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தபடி, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிறவரைப் போல விறைப்பாக அப்பா.

அவள் தகட்டைத் தேடி அதற்கு முன்னால் பந்தை வைத்தாள். தகட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். புல்லெல்லாம் ஈரம்.

"நேர்தான்க்கா. சும்மா தட்டு" என்றான் தம்பி.

குனிந்து நின்றாள். அந்த யாரோ வந்தான். தவறாமல் வந்து முழங்கைக்கு அருகில் நின்றான். வழக்கமாக இந்த இடத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவனைத் தள்ளப் பார்ப்பாள். இன்று, வந்துட்டியா, சரி, நில்லு என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மட்டையைப் பின்னால் இழுத்தாள்.

கை உதறியது.

பந்து குழியின் உதட்டில் ஏறி, அரை வட்டம் சுற்றி, வெளியே வந்து, ஒரு சாண் தள்ளி நின்றது.

சத்தமே இல்லை. தூரத்தில் கடல் மட்டும். நூல் பந்தைப் பார்க்கவில்லை, குழியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தொப்பி கீழே விழுந்து கிடந்தது. அந்த அமைதிக்குள் அவர் ஒருவர் மட்டும் பலமாக, ஒரே சீராகக் கைதட்டிக்கொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி இறுகி, புருவம் இரண்டும் நடு நெற்றி வரை ஏறி, உதடு சிரிப்பது போல விரிந்து அப்படியே உறைந்திருந்தது. கூடாரத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்பா, உள்ள போகல" என்றான் தம்பி.

"தெரியுதுடா. என்ன ஆனாலும் கைதட்டுறதுன்னு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன்" என்றார் அப்பா. கைதட்டுவதை நிறுத்தவில்லை.

நூலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள். சிட்டுவுக்கும் தொற்றிக்கொண்டது, நடுவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்பிலேயே நூல் போய், சாண் தூரத்தில் கிடந்த பந்தை உள்ளே தள்ளிவிட்டாள். அது உள்ளே விழுந்த சத்தத்தை அவள் கேட்கக்கூட இல்லை.

இருவரும் சமம். அதே குழியை மறுபடி ஆடினார்கள். நூலின் முதல் அடி பனியைக் கிழித்துக்கொண்டு போயிற்று. எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, நடந்து போனால் புல்லின் நட்டநடுவில் கிடந்தது. கடைசியில் இருவருக்கும் கிட்டத்தட்ட அதே தூரம் மிச்சம். சிட்டு தன்னுடையதைப் போட்டாள். நூல் குனிந்தாள். கை உதறியதா இல்லையா என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. பந்து ஓரமாகத் தயங்கி, பக்கவாட்டில் சரிந்து உள்ளே விழுந்தது. மறுபடி சமம். அவள் அப்பாவைப் பார்க்க மறந்துவிட்டாள். அது அவளுக்கு அடுத்த அடிக்கு நடந்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

அடுத்த சுற்றில் சிட்டு தொலைவிலிருந்து ஒரு பந்தைத் தட்டினாள். அது மேடேறி, இறங்கி, வளைந்து, கடைசி உருளலில் குழிக்குள் போய்விட்டது. அவ்வளவுதான். நூலுக்கு ஓர் அடி கூடிப்போனது; கோப்பை சிட்டுவுக்கு. அந்தப் பெண் ஓடி வந்து நூலைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, நான் அடிக்கும்போது கால் நடுங்கிச்சு. நிஜமா. நீங்க சொன்ன ஆளு எனக்குப் பின்னாடியும் நின்னாரோன்னு பயந்துட்டேன்."

"நின்னா, போடான்னு சொல்லாதே. நின்னுட்டுப் போகட்டும்" என்றாள் நூல். அதற்கு மேல் அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

மறுபடி இரண்டாம் இடம். காரில் சாமான்களை ஏற்றும்போது தம்பி முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அப்பா பின் இருக்கையில் ஏறியதும், தான் செய்தது சரியா தப்பா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போனார்.

அடுத்த வாரம் வேறொரு ஊரில் போட்டி. வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டாம் குழியிலேயே, குழந்தைகூடப் போட்டுவிடும் தூரத்தில், அவள் கை உதறிப் பந்து விலகி ஓடியது. சுற்றி நின்றவர்கள் 'ச்சு' என்றார்கள். தம்பி தரையைப் பார்த்தான். அவள் போய்ப் பந்தை உள்ளே தள்ளிவிட்டு, குனிந்து எடுத்து, துடைத்தாள். கயிற்றுக்கு அப்பால் அப்பா, தன் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்மணியிடம், அவருக்கு எந்தப் பல்லில் வலி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நடந்தது எதையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

"மத்தியானம் என்னடா சாப்பிடலாம்?" என்று தம்பியைக் கேட்டுக்கொண்டே, அவள் மூன்றாவது குழியை நோக்கி நடந்தாள்.